பை ஸீரோ 2 டபிள்யூவில் சனசமூக நிலையத்துக்கு ஒரு நூலகம்: காணுமா, தாங்குமா?

கோண்டாவில்_வாசகன்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரே பலகையில் அடங்கின சின்னக் கணினி, ராஸ்பெரி பை ஸீரோ 2 டபிள்யூ ஒன்று கைக்கு வந்திருக்கு. நீளம் 65, அகலம் 30 மில்லிமீற்றர். அவ்வளவுக்குள்ள 1 கிகாஹேர்ட்ஸில் 4 கோர், 512 எம்பி ராம், வைஃபை, புளூடூத்! 2015 இல் முதல் ஸீரோ 5 டொலருக்கு வந்து, மாக்பை சஞ்சிகையின் அட்டையிலேயே இலவசமாக ஒட்டிக் குடுத்தவை. அது விளையாடிப் பார்க்க நல்லது, ஆனால் ஒற்றைக் கோர். 2021 இல் 15 டொலருக்கு வந்த இந்த 2 டபிள்யூவிடம் தான் ஒரு வேலையை நம்பி ஒப்படைக்கலாம் என்று நினைக்கிறன்.

யோசினை இதுதான். எங்கட சனசமூக நிலையத்தில் நெற் இல்லை. பின்னேரம் பேப்பர் வாசிக்க வாற ஆக்களும் ஓ.எல்., ஏ.எல். பிள்ளையளும் போனில் வைஃபையைப் பிடிச்சு, தமிழ் விக்கிப்பீடியாவையும் கடந்தகால வினாத்தாள் பிடிஎஃப்களையும் டேட்டா செலவில்லாமல் பார்க்க வேணும்.

எந்த மென்பொருள்? ஒரே நேரத்தில் எத்தனை போன் தாங்கும்? கரண்ட் நினைச்ச நேரம் நிக்கும், எல்லாம் பதிவாகிற மைக்ரோ எஸ்டி காட் பழுதாகாமல் என்ன செய்யலாம்? கூரை சீற், சித்திரை வைகாசியில் உள்ளுக்கு நல்ல வெக்கை.

கரவெட்டி_லினக்ஸ்:

தம்பி, வடிவான யோசினை. இந்தப் பலகைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. விக்கிப்பீடியாவை வாசிக்கக் குடுக்கிறதுக்குப் பெரிய கணக்கு வழக்கு ஒன்றும் இல்லை, காட்டில் இருந்து எடுத்து அனுப்புறது தான்.

ராஸ்பெரி பை ஓஎஸ் லைட், 64 பிட் போடுங்கோ. டெஸ்க்டொப் உள்ளதைப் போட்டால் 512 எம்பியில் பெரும்பங்கு அதுக்கே போயிடும். காட்டில் ஓஎஸ்ஸை எழுதுற இமேஜர் மென்பொருளில் எழுதும்போதே பயனர் பெயர், கடவுச்சொல், வீட்டு வைஃபை, நாட்டுக் குறியீடு எல்கே, எஸ்எஸ்எச் (வேற கணினியில் இருந்து பலகைக்குள்ள போற வழி) எல்லாம் குடுத்திடுங்கோ. 2022 ஏப்ரலுக்குப் பிறகு 'பை' என்ற பழைய இயல்பான பயனர் இல்லை. பூட் பகுதியில் வைஃபை விபரம் எழுதின டபிள்யூபிஏ சப்ளிக்கன்ட் கோப்பைப் போடுற பழைய முறையும் ஓஎஸ்ஸின் புக்வேர்ம் பதிப்போட நிண்டிட்டுது. இணையத்தில் இருக்கிற பாதி வழிகாட்டிகள் இன்னும் அதைத்தான் சொல்லுது, அதைப் பார்த்து மினக்கெடாதேங்கோ.

பிறகு வீட்டு நெற்றில் வைத்தே கிவிக்ஸ்-டூல்ஸ் (நெற் இல்லாமல் விக்கி காட்டுறது), இஞ்சின்எக்ஸ் (வலைப்பக்கம் குடுக்கிற சேர்வர்) இரண்டையும் நிறுவுங்கோ. தமிழ் விக்கிப்பீடியா முழுதும் ஒரே கோப்பாகச் சுருக்கின ஸிம் கோப்பைக் கிவிக்ஸ் தளத்தில் இறக்கலாம். 'மாக்ஸி' என்றால் படங்களோட முழுக்கட்டுரை, 'நோபிக்' படம் இல்லாதது, 'மினி' கட்டுரையின் அறிமுகம் மட்டும். மாக்ஸியையே எடுங்கோ. ஆங்கிலத்தின் முழுக் கோப்பு 100 ஜிபியைத் தாண்டும், அதை விடுங்கோ. 4 ஜிபிக்கு மேற்பட்ட ஸிம் எதையும் பென்டிரைவில் கொண்டுபோறதென்றால் அது ஃபாட்32 இல் இருக்கக்கூடாது. இடம் இருந்தாலும் கொப்பி ஆகாது. எக்ஸ்ஃபாட்டில் ஃபோர்மட் பண்ணுங்கோ.

கிவிக்ஸ்-சேர்வ் 8080ஆம் போர்ட்டில் ஓடட்டும். 80இல் இஞ்சின்எக்ஸ் ஒரு முகப்புப் பக்கம் காட்டட்டும். அதில் இரண்டே இணைப்பு, ஒன்று விக்கிக்கு, மற்றது வினாத்தாள் கோப்புறைக்கு. கிவிக்ஸை, பூட் ஆகும்போதே தானாகத் தொடங்கிற சிஸ்டம்டி சேவையாக எழுதி, விழுந்தால் தானே எழும்புற மாதிரி 'ரீஸ்டார்ட்' வரியையும் சேருங்கோ.

கடைசியாகத் தான் ஹொட்ஸ்பொட். ஓஎஸ்ஸில் வைஃபையைப் பார்க்கிற நெற்வேர்க்மனேஜரில் ஒரே கட்டளையில் வரும், முகவரி 10.42.0.1 ஆக இருக்கும். இதில் எல்லாரும் மாட்டுற இடம் ஒன்று இருக்கு. அப்படி உருவாகிற ஹொட்ஸ்பொட்டுக்கு 'ஓட்டோகனெக்ட்' இயல்பாக 'நோ'. இண்டைக்கு வேலை செய்யும், நாளைக்குப் பிளக்கைப் போட்டால் வைஃபையே தெரியாது. அதை 'யெஸ்' ஆக்கி, வீட்டு வைஃபையைவிட முன்னுரிமை எண்ணையும் கூட்டுங்கோ. ஹொட்ஸ்பொட் வந்தவுடன் வீட்டு வைஃபை வழியாக இருந்த எஸ்எஸ்எச் அறுந்திடும். பயப்பட ஒன்றும் இல்லை, மடிக்கணினியை அந்த ஹொட்ஸ்பொட்டிலேயே சேர்த்து 10.42.0.1க்குப் போங்கோ.

எண்ணிக்கை: உள் வைஃபையில் 10 போனுக்கு மேல் நம்பாதேங்கோ. விக்கி எழுத்துக்கு அது தாராளம், பிடிஎஃப் தான் இழுக்கும். மொத்தமாகச் செக்கனுக்கு 30 மெகாபிட் கிடைச்சாலும் 8 பேர் ஒரே நேரம் 20 எம்பி வினாத்தாளைத் திறந்தால் ஒவ்வொருத்தருக்கும் 40 செக்கனுக்கு மேல் போகும். ஸ்கான் பண்ணும்போதே கறுப்பு வெள்ளை, 200 டிபிஐ என்று வைத்தால் கோப்பு நல்லாச் சுருங்கும்.

சாலிடர்_கம்பி:

மென்பொருள் சரி. இந்தப் பலகை சாகிறது பெரும்பாலும் கரண்டாலும் காட்டாலும் தான், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுறன்.

முதலில் வயர். மலிவான மைக்ரோ யூஎஸ்பி கேபிள் பலதுக்குள்ள 28 கேஜ் செப்பு தான் இருக்கும் (கேஜ் எண் கூடக் கூட வயர் மெல்லிசு). அது மீற்றருக்கு 0.21 ஓம். 2 மீற்றர் கேபிளில் போய்வர 4 மீற்றர், கிட்டத்தட்ட 0.85 ஓம். பலகை 0.5 அம்பியர் இழுத்தால் 0.4 வோல்ற் வயரிலேயே போயிடும். சார்ஜர் சரியாக 5 குடுத்தாலும் பலகைக்கு 4.6 தான் வரும். ஹொட்ஸ்பொட் விட்டுவிட்டு வாறது, பூட் பாதியில் நிக்கிறது, காட் பிழைக்கிறது எல்லாத்துக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். 30 சென்ரிமீற்றர் கேபிள் போடுங்கோ, இல்லாட்டி 20 முதல் 24 கேஜ் உள்ளதாக எடுங்கோ. சார்ஜர் 5 வோல்ற், 2.5 அம்பியர்.

'கெட்_த்ரொட்டில்ட்' கட்டளையில் குறை வோல்ற்றேஜ் தெரியும் என்று பலர் எழுதுவினம். அது பெரிய பை பலகைகளுக்கு. ஸீரோ வரிசையில் அதைக் கண்டுபிடிக்கிற சுற்றே இல்லை, வோல்ற்றேஜ் விழுந்தாலும் குறை இல்லை என்று தான் காட்டும். மல்ரிமீற்றரால் அளக்கிறது ஒன்றே வழி. கறுப்பு முனையை மினி எச்டிஎம்ஐயின் உலோக ஓட்டில் பிடிச்சு, சிவப்பை 2ஆம் பின் துளையில் வையுங்கோ. விக்கியில் எதையாவது தேடவிட்டு அளவுங்கோ. 4.75க்குக் கீழே போனால் கேபிளை மாத்துங்கோ. பக்கத்தில் இருக்கிற 1ஆம் பின் 3.3 வோல்ற். முனை வழுக்கி இரண்டையும் தொட்டால் சிப் போச்சு, கவனம்.

மினி யூபிஎஸ்: ரவுட்டருக்குப் பாவிக்கிற, 12 வோல்ற்றும் 5 வோல்ற் யூஎஸ்பியும் தாற பெட்டி காணும். 8800 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் 3.7 வோல்ற் கணக்கில் 32.6 வற்-மணி. மாற்றத்தில் போறதைக் கழிச்சால் 27 அல்லது 28. பலகை சராசரி 350 மில்லியம்பியர், அதாவது 1.75 வற், எடுத்தால் 15 மணித்தியாலம் வரும். பவர்பாங்கை மாட்டாதேங்கோ. கரண்ட் போய்வரும்போது கன பவர்பாங்க் ஒரு கணம் வெளியீட்டை அறுத்து எடுக்கும், அந்தக் கணத்தில் பலகை திரும்பப் பூட் ஆகும்.

காட்: வாங்கின உடன எஃப்3 அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதி வாசிச்சுப் பாருங்கோ. 64 என்று அச்சடிச்ச 8 ஜிபிக் காட்டும் சந்தையில் இருக்கு.

எல்லாம் அமைச்ச பிறகு ராஸ்பி-கன்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தைப் போட்டு, பூட் பகுதியையும் எழுத்துத் தடை செய்யுங்கோ. அதுக்குப் பிறகு காட்டில் ஒரு எழுத்தும் எழுதப்படாது, எந்த நேரமும் பிளக்கைப் பிடுங்கலாம். உங்கட வேலை வாசிக்கிறது மட்டும் என்றபடியால் இது கச்சிதமாகப் பொருந்தும். ஒன்று மட்டும்: ஓவர்லேயில் எழுதுறதெல்லாம் ராமுக்குப் போகும், ராமோ 512 எம்பி. ஓஎஸ்ஸின் நடப்புக் குறிப்பை எழுதுற ஜேர்னல்டியை 'வொலட்டைல்' (ராமில் மட்டும்) ஆக்கி 16 எம்பியில் நிறுத்துங்கோ, இஞ்சின்எக்ஸின் அக்சஸ் லொக்கை மூடுங்கோ. மூடாவிட்டால் சில கிழமையில் காரணம் தெரியாமல் உறையும்.

வெக்கை: சிப் 80 பாகையில் தான் வேகத்தைக் குறைக்கும். இந்த வேலைக்கு ஒரு சின்ன அலுமினிய ஹீற்சிங்கும் ஓட்டை போட்ட பிளாஸ்ரிக் பெட்டியும் போதும். சீற்றுக்குக் கிட்ட ஏற்றாதேங்கோ, ஆள் உயரத்தில் சுவரில் அடியுங்கோ. தகர டின்னுக்குள்ள மட்டும் வைக்காதேங்கோ. பலகையில் இருக்கிற அந்த முக்கோண வெட்டு தான் அன்ரனா, தகரம் அதை மூடிப்போடும். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்குச் சார்ஜரைச் சுவரில் இருந்து கழட்டிவிட்டால் யூபிஎஸ்ஸில் ஓடும்.

கோண்டாவில்_வாசகன்:

நன்றி அண்ணையாக்கள். ஹொட்ஸ்பொட் எழும்பிட்டுது, ஓட்டோகனெக்ட்டும் போட்டாச்சு. விக்கி சும்மா பறக்குது! ஆனால் சில அன்ட்ரொயிட் போனில் வைஃபை பிடிச்சும் பக்கம் திறக்குதில்லை. வேற சில போன் கொஞ்ச நேரத்தில் தானாகவே டேட்டாவுக்குப் போகுது. பிள்ளையள் கூட வந்தால் என்ன செய்யிறது என்றும் சொல்லுங்கோ.

கரவெட்டி_லினக்ஸ்:

பலகையில் பிழை இல்லை. இன்டர்நெற் இல்லாத வைஃபை என்று கண்டவுடன் போன் 'இப்படியே தொடரவா' என்று கேட்கும். அதில் ஆம் என்றும், திரும்பக் கேட்க வேண்டாம் என்றும் குடுக்க வேணும். அந்த அறிவிப்பைத் தட்டிவிட்டால் போன் டேட்டா வழியாகத் தேடும், 10.42.0.1 அங்கே கிடையாது. மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டுத் திறந்தால் உறுதியாக வரும்.

பெயர் வைத்துத் திறக்கிறதை விடுங்கோ. 'பிரைவேட் டிஎன்எஸ்' போட்ட போனில் உள்ளூர்ப் பெயர் எதுவும் வேலை செய்யாது. எண்ணாலேயே போகட்டும், அதுவும் எச்டிடிபி என்று முழுசாக எழுதி. சில பிரவுசர் தானாக எச்டிடிபிஎஸ்க்குப் போய் முட்டும். இரண்டு கியூஆர் படம் அச்சடிச்சுச் சுவரில் ஒட்டுங்கோ: ஒன்று வைஃபையில் சேர, மற்றது முகப்புப் பக்கத்துக்கு.

10 பேருக்கு மேல் என்றால் பழைய ரவுட்டர் ஒன்றைத் தேடுங்கோ. ரவுட்டரோட வயரால் இணைக்க, யூஎஸ்பி-ஈதர்நெற் அடாப்டரை ஓடிஜி (மைக்ரோ யூஎஸ்பியைச் சாதாரண யூஎஸ்பி ஆக்கிற கேபிள்) வழியாக உள்பக்க யூஎஸ்பி போர்ட்டில் மாட்டவேணும். ஓரத்தில் இருக்கிற மற்றது பவருக்கு மட்டும், அதில் எதுவும் தெரியவராது. ஆர்டிஎல்8152 சிப் உள்ள அடாப்டருக்கு டிரைவர் தேட வேண்டியதில்லை. பலகையின் ஈதர்நெற்றுக்கு நிலையான முகவரி ஒன்று குடுங்கோ, போன்களை ரவுட்டர் பார்த்துக்கொள்ளும். ஆனால் ரவுட்டர் 6 வற் எடுத்தால் அந்த 15 மணித்தியாலம் மூன்றரையாகக் குறையும். பரீட்சைக் காலத்துக்கு ரவுட்டர், மற்ற நாளில் பலகை தனியே என்று வைக்கிறது நல்லது.

எழுத்துரு:

வினாத்தாள் கோப்புறை பற்றி. இஞ்சின்எக்ஸில் 'சார்செட் யூடிஎஃப்-8' போடாவிட்டால் தமிழ்க் கோப்புப் பெயர் குப்பையாகத் தெரியலாம். தானாக உருவாகிற பட்டியலில் பெயர் 50 எழுத்துக்கு மேல் போனால் வெட்டுப்படும். தமிழில் 'கி' என்பதே இரண்டாக எண்ணப்படும், ஆகவே 'ஏ.எல். இணைந்த கணிதம்' என்று தொடங்கி ஆண்டை ஈற்றில் வைத்த நீளப் பெயரில் ஆண்டு தான் முதலில் காணாமல் போகும். ஆண்டை முன்னுக்கு வையுங்கோ: 2019, பாடம், பகுதி.

மாக்கில் இருந்து கொப்பி பண்ணின பெயர்களில் 'ொ', 'ோ' இரண்டு குறியாக உடைஞ்சு வரலாம். பார்வைக்கு ஒன்று தான், தேடினால் அம்பிடாது. கொன்வ்எம்வி என்ற கருவியில், அதை ஒரே குறியாகச் சேர்க்கிற என்எஃப்சி வடிவத்துக்கு மாத்துங்கோ.

பழைய வினாத்தாள், மாதிரித்தாள் கனக்க பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடிச்சது. திறந்தால் தமிழ், ஆனால் உள்ளே இருக்கிறது ஆங்கில எழுத்து. அதனால் போனில் தேடவோ வெட்டி ஒட்டவோ ஏலாது. வேர்ட் கோப்பு கிடைச்சால் யூனிகோட்டுக்கு மாத்திப் பிடிஎஃப் எடுங்கோ. ஸ்கான் என்றால் டெஸராக்ட் என்ற மென்பொருளில் தமிழ் மொழிக்கோப்போட ஓசிஆர் (படத்தில் இருந்து எழுத்தை எடுக்கிறது) பண்ணலாம். அதை வீட்டுக் கணினியில் செய்யுங்கோ, ஸீரோவில் விட்டால் ராம் காணாது. செய்து முடிச்சு, ஓவர்லேயை நிறுத்தி, ரீபூட் பண்ணி, கோப்புகளை ஏத்திப்போட்டுத் திரும்ப ஓவர்லேயைப் போட மறக்காதேங்கோ. அது போட முதல் ஏத்தினது தான் காட்டில் நிக்கும்.