'நியர் மிஸ்' – தமிழில் என்ன போடலாம்?

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். மாநில அரசுப் பணிமனை ஊழியர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'நியர் மிஸ்' மட்டும் இடிக்கிறது. மேலேயிருந்து ஸ்பேனர் விழுகிறது, யார் மேலும் படவில்லை. அதையும் பதிவேட்டில் எழுதச் சொல்ல வேண்டும். 'தப்பிய விபத்து' சரியா?

புலவர்:
தப்பியது யார், ஆளா விபத்தா? பெயரெச்சம் விபத்தைக் கொண்டு முடிவதால் விபத்துதான் தப்பியோடியதாகிறது! போதாததற்கு 'விபத்து' வடசொல். 'நேர்ச்சி' இருக்க இரவல் எதற்கு? நிகழாததை 'நேரா நேர்ச்சி' எனலாம். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், கச்சிதமாக உட்காருகிறது.

பயிற்சியாளர்:
ஐயா, 'நேர்ச்சி' என்றால் என் வகுப்பில் சாமிக்கு நேர்ந்துகொண்டதைத்தான் நினைப்பார்கள். 'மயிரிழையில் தப்பினார்' எல்லாருக்கும் தெரியும், ஆனால் வகுப்பில் சிரிப்பு அடங்காது. 'நூலிழை விபத்து'?

பொறியாளர்:
'விபத்து' என்ற சொல்லே கூடாது என்பது என் கட்சி. அதைப் பார்த்தாலே விசாரணை, மெமோ என்று பயந்து யாரும் படிவத்தைத் தொடமாட்டார்கள். அடிபடாதபோதே எழுத வைப்பதுதான் இந்தப் பயிற்சியின் நோக்கம்.

இன்னொன்று. தொழிற்சாலைகள் சட்டத்தில் 1976இல் 88ஏ பிரிவைச் சேர்த்தபோதே, காயம் பட்டாலும் படாவிட்டாலும் சில 'அபாயகரமான நிகழ்வுகளை' மேலாளர் அறிவிக்க வேண்டும் என்றார்கள். எவை என்று சொல்வது மாநில விதிகள். பணியிடப் பாதுகாப்புக்கான 2020 தொகுப்புச் சட்டமும் விபத்தையும் அபாயகரமான நிகழ்வையும் தனித்தனியாகத்தான் வைக்கிறது. கிரேன் சரிந்தால் அந்தக் கணக்கு. ஸ்பேனர் விழுந்தது நம் பதிவேட்டோடு சரி. இரண்டும் ஒரே சொல்லாகிவிடக் கூடாது.

புலவர்:
அப்படியானால் 'அணுக்க ஏதம்'. அணுக்கம் என்றால் நெருக்கம், ஏதம் என்றால் தீங்கு, பழந்தமிழ்ச் சொல். அதுவே பின்னாளில் 'சேதம்' ஆனது என்பது என் துணிபு.

பொறியாளர்:
சேதமும் வடசொல்தான் ஐயா. முன்னால் அந்தச் சகரம் எங்கிருந்து முளைத்தது?

புலவர்:
சொல்முதல் சகரம் வருவதும் கெடுவதும் தமிழில் புதிதல்ல. அமணர், சமணர்...

பயிற்சியாளர்:
வெள்ளிக்கிழமை, ஐயா!

மொழிபெயர்ப்பாளர்:
'நூலிழை விபத்'தில் விபத்தை எடுத்துவிட்டு 'நிகழ்வு' என்று வைத்தால் 'நூலிழை நிகழ்வு'. புலவர் தவிர மூன்று பேரும் அதன் பக்கம் சாய்ந்திருக்கிறோம். அதையே போடுகிறேன். படிவத்தில் பக்கத்திலேயே 'நியர் மிஸ்' என்றும் இருக்கும். பணிமனையில் அப்படித்தான் சொல்லப்போகிறார்கள்.

புலவர்:
நூலிழை நிகழ்வு என்றால் ஏதோ நூற்பாலையில் நடந்தது என்றல்லவா படிப்பார்கள்? என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். 'ஏதம்' பற்றித் தனி மடல் வருகிறது.