பிக்கப் பின்பக்க ரீங்காரம்: பேரிங்கா, டயரா?

கேள்வி:
என் பிக்கப் வண்டியில் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பின்பக்கத்திலிருந்து ஒரு ரீங்காரம், வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறது, நியூட்ரலில் விட்டாலும் நிற்கவில்லை. ஜாக்கி போட்டுச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தேன், ஆட்டமே இல்லை. அப்படியென்றால் பேரிங் (சக்கரம் லேசாகச் சுழல உதவும் உருளைகள் கொண்ட வளையம்) நல்லதுதானா?

பதில்:
அப்படிச் சொல்ல முடியாது. பல பேரிங்குகள் முதலில் சத்தம்தான் போடும், ஆட்டம் கடைசியில்தான் வரும். முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டு, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி இன்னொரு கையை அந்தப் பக்க லீஃப் ஸ்பிரிங் (வண்டியைத் தாங்கும் பட்டை வில்) மேல் வையுங்கள். கெட்ட பேரிங் என்றால் மணலை அரைப்பது போல விரலில் தெரியும், காதுக்குக் கேட்காவிட்டாலும்.

பதில்:
முதலில் டயரைத் தடவிப் பாருங்கள். மேடு பள்ளமாகத் தேய்ந்த டயரும் இதே சத்தம்தான் போடும். நானே ஒரு முறை பேரிங்கை மாற்றிவிட்டு அசடு வழிந்தேன். முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள், சத்தம் இடம் மாறினால் டயர்தான். இடப்பக்கம் திரும்பும்போது சத்தம் கூடினால் வலப்பக்க பேரிங் மேல் சந்தேகம், பாரம் அங்கேதான் சாயும்.

கேள்வி கேட்டவர்:
டயர் மாற்றியும் சத்தம் பின்னாலேயே இருக்கிறது. வலப்பக்க ஸ்பிரிங் கரகரவென்கிறது. பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்ளே கியர் ஆயில் கசிவு!

பதில்:
சரி, ஆயில் வெளியே வராமல் தடுக்கும் சீலும் போய்விட்டது. ஆயிலில் ஊறிய பிரேக் ஷூவையும் மாற்றுங்கள். அப்புறம், ஆக்ஸிலை (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) உருவியதும் பேரிங் உட்காரும் இடத்தை நகத்தால் தடவுங்கள். சில வண்டிகளில் உருளைகள் நேரே ஆக்ஸில் மேலேயே ஓடும், அங்கே குழி விழுந்திருந்தால் புது பேரிங்கும் சீக்கிரம் போய்விடும்.