மறு: நேச்சுரலிசம் – ‘இயற்கைவாதம்’ சரிதானா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். அன்றாட வாழ்வை உள்ளபடி காட்டும் எழுத்து ரியலிசம்; உடல், பரம்பரை, சூழல் ஆகியவற்றின் பிடியில் சிக்கிய மனிதனைக் காட்டும் எழுத்து நேச்சுரலிசம். இந்த இரண்டாவதற்கான தமிழ்ச்சொல் பற்றியது இந்த மடல்.

குழுமத்தின் ஐயா ஒருவர் நேற்றைய மடலில் கேட்டது:

> ரியலிசத்துக்கு ‘நடப்பியல்’ சரி. நேச்சுரலிசத்துக்குப் பழைய ‘இயற்கைவாதம்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

அந்தப் பழைய சொல் வாசகரைத் தப்பான இடத்தில் கொண்டுபோய் விடுகிறது, அதனால்தான். போன பருவத்தில் ‘அமெரிக்க இயற்கைவாத நாவல்’ என்று கரும்பலகையில் எழுதிப் பாடத்தைத் தொடங்கினேன். மலை, காடு, ஆறு பற்றிய நாவல்கள் என்று ஒரு மாணவி குறிப்பு எழுதி வைத்திருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது, சொல் அப்படித்தானே சொல்கிறது? ஆனால் நேச்சுரலிச நாவலான ஸ்டீபன் கிரேனின் ‘மேகி’ (1893) நியூயார்க் சேரியில் நடக்கிறது. ஃபிராங்க் நாரிஸின் ‘மெக்டீக்’ (1899) சான்பிரான்சிஸ்கோவில் பல் பிடுங்கிப் பிழைப்பவனின் கதை.

‘இயல்புவாதம்’ கொஞ்சம் தேவலை. ஆனால் ‘இயல்பாகப் பேசினார்’, ‘இயல்பாக நடித்தார்’ என்று பழகிய காதுக்கு அது இதமான சொல். நடப்பியலுக்கும் அதற்கும் வேறுபாடே தெரியாமல் போகிறது. மார்க்சிய விமர்சனத்தில் புழங்கிய ‘இயற்பண்புவாதம்’ பிறவிக்குணத்தைச் சொல்கிறது, ஆனால் தெருவையும் பணத்தையும் குளிரையும் விட்டுவிடுகிறது.

இரண்டு காட்சிகளை, முதலில் நடப்பியல், அடுத்து நேச்சுரலிசம் என்று பக்கத்தில் வைத்தால் எது பிரிகிறது என்பது தெளிவாகும் என நினைக்கிறேன்.

வில்லியம் டீன் ஹோவெல்ஸின் ‘சைலஸ் லாபம்மின் எழுச்சி’ (1885). பாஸ்டனில் பெயின்ட் வியாபாரத்தில் பணக்காரரானவர், முழுகும் நிலைக்கு வருகிறார். கையில் ஒரு ஆலைச் சொத்து இருக்கிறது. ஒரு ரயில் கம்பெனி நினைத்தால் அதைச் செல்லாக்காசு ஆக்கிவிடும். அதை வாங்க ஆள் தயார். விற்றால் இவர் பிழைப்பார், எங்கோ முகம் தெரியாதவர்கள் ஏமாறுவார்கள். இரவு முழுக்க அறைக்குள் நடக்கிறார். அந்தக் காலடி ஓசையைக் கேட்டபடி மனைவி விழித்துக் கிடக்கிறார். கடைசியில் அவர் விற்கவில்லை. சொத்து போகிறது. அந்த முடிவு அவர் எடுத்தது.

தியோடர் டிரைசரின் ‘சிஸ்டர் கேரி’ (1900). சிகாகோ மதுக்கூட மேலாளர் ஹர்ஸ்ட்வுட் இரவில் கடையை மூடும்போது, பணப்பெட்டி பூட்டப்படாமல் இருப்பதைப் பார்க்கிறார். உள்ளே பத்தாயிரம் டாலருக்கு மேல். எடுக்கிறார், வைக்கிறார், மறுபடி எடுக்கிறார். பணம் வெளியே இருக்கும் நேரத்தில் பெட்டியின் பூட்டு ‘க்ளிக்’ என்று விழுந்துவிடுகிறது. திருடினாரா? அவருக்கே தெரியாது. குடித்த மது, கேரியின் மேல் உள்ள மோகம், வீட்டுச் சண்டை, கடைசியாக ஒரு பூட்டு. இத்தனையும் சேர்ந்து அவரைத் தள்ளிவிட்டன.

‘கடும் நடப்பியல்’ என்று குழுமத்தின் அம்மா ஒருவர் முன்வைத்ததை நான் ஏற்காததும் இதனால்தான். இது நடப்பியலின் காரத்தைக் கூட்டிய வடிவம் இல்லை. நாரிஸே 1896இல் பிரெஞ்சு நேச்சுரலிச நாவலாசிரியர் எமில் ஸோலாவைப் பற்றி எழுதும்போது, ஸோலா நடப்பியலை அல்ல, அசாதாரணத்தை நாடும் ரொமான்டிக் மரபைச் சேர்ந்தவர் என்றுதான் வாதிட்டார். உடைந்த தேநீர்க் கோப்பையின் நாடகம் என்று ஹோவெல்ஸ் வகை எழுத்தை ஒதுக்கியவரும் அவர்தான். ஹோவெல்ஸ் பக்கம் நின்று பார்த்தால் அது நியாயமில்லை, லாபம்மின் அந்த ஓர் இரவு கோப்பை உடைவது போன்ற சின்ன விஷயமா? இருந்தாலும், தாங்கள் வேறு இனம் என்ற உணர்வு நாரிஸுக்கு இருந்தது என்பதற்கு இது சாட்சி.

சரி, ‘ஊழ்வாதம்’? இதை நானே பல நாள் மனதில் வைத்திருந்தேன். ‘நீர்வழிப் படூஉம் புணைபோல்’ (நீரோட்டத்தின் வழியே போகும் தெப்பம் போல) என்ற புறநானூற்று அடி (192) விடவே இல்லை. கிரேனின் ‘திறந்த படகு’ (1897) கதையும் ஏறக்குறைய அந்தப் படம்தான். ஃபுளோரிடா கரைக்கு அப்பால் கப்பல் மூழ்கி, சின்னப் படகில் நான்கு பேர். அலையையே பார்த்துக்கொண்டிருப்பதால் வானத்தின் நிறம்கூட அவர்களுக்குத் தெரியாது. கரையை நெருங்கும்போது படகு கவிழ்கிறது. காயம்பட்ட கேப்டன் பிழைக்கிறார், சமையல்காரர் பிழைக்கிறார், நிருபர் பிழைக்கிறார். நால்வரில் நன்றாக நீந்திய, கப்பல் இயந்திரத்துக்கு எண்ணெய் போடும் பில்லி கரையோர ஆழமற்ற நீரில் முகம் கவிழ்ந்து செத்துக் கிடக்கிறான். ஊழ் என்றால் நம் மனம் உடனே முன்வினையைத் தேடும். கிரேனின் கடலுக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது, பில்லி யாரென்றே அதற்குத் தெரியாது. அதனால் ‘ஊழ்’ வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அந்த அடியில் இருக்கும் ‘படுதல்’ என்ற வினை எனக்கு வேண்டும். வழிப்படு, ஆட்படு, வயப்படு. உணர்ச்சிவயப்பட்டான், கோபவயப்பட்டான் என்று இன்றும் சொல்கிறோம், செய்பவன் பிடி நழுவிப் போன நிலைக்கு. உடல், பரம்பரை, தெரு, பசி, பணம் ஆகியவற்றின் வயப்பட்ட மனிதனைக் காட்டும் எழுத்து என்பதால்:

நேச்சுரலிசம் – வயப்பாட்டியல்
நேச்சுரலிஸ்ட் – வயப்பாட்டியலாளர்

‘-வாதம்’ வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. ‘சோதனை நாவல்’ (1880) கட்டுரையில் ஸோலா, உடலியல் அறிஞர் குளோத் பெர்னாரின் சோதனை முறையை நாவலுக்குக் கொண்டுவரத்தான் முயன்றார். அவர் கேட்டது அறிவியலின் இடம், அதற்கு ‘-இயல்’ பொருந்தும். நடப்பியலோடு இணையாகவும் நிற்கும்.

ஒரு குறை எனக்கே தெரிகிறது: சொன்னதும் சிலருக்குக் ‘காதல்வயப்பட்ட’ என்பதுதான் நினைவுக்கு வரும். அப்புறம், தத்துவத்திலும் ஓவியத்திலும் வரும் நேச்சுரலிசத்துக்கு இது பொருந்தாது, அங்கே வேறு சொல்தான் வேண்டும். இலக்கியத்துக்கு மட்டும் ஓட்டிப் பார்க்கிறேன்:

“ஹோவெல்ஸ் நடப்பியல் நாவலாசிரியர், அடுத்த தலைமுறையின் கிரேன், நாரிஸ், டிரைசர் மூவரும் வயப்பாட்டியலாளர்கள்.”

உங்கள் வாக்கியங்களிலும் ஒருமுறை போட்டுப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.