எல்வேட் (இதயத்துக்கு உதவும் பம்பு) கருவியோடு வீட்டில் இருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். என் அண்ணனுக்கு 43 வயது. இதயத் தசை பலவீனமாகி, இதயம் பெருத்து, எக்கோவில் இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயக் கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 15 சதவீதம்தான் காட்டுகிறது. மாத்திரைகளுக்கு இனி கட்டுப்படாது என்று சொல்லிவிட்டார்கள். மாற்று இதயத்துக்காக டிரான்ஸ்டான் (தமிழக அரசின் உறுப்பு மாற்று ஆணையம்) பட்டியலில் பதிவு செய்திருக்கிறோம். அவருக்கு ஓ குரூப். ஓ குரூப் இதயம் மற்ற குரூப்காரர்களுக்கும் பொருந்தும், ஆனால் அவருக்கு ஓ மட்டும்தான் பொருந்தும். உடல் அளவும் ஒத்துவர வேண்டும். அதனால் காத்திருப்பு நீளலாம்.

அதுவரை தாங்க, ஹார்ட்மேட் 3 என்ற எல்வேட் பம்பு வைக்கலாம் என்கிறார் டாக்டர். இடது கீழறையிலிருந்து ரத்தத்தை இழுத்து மகாதமனிக்குத் தள்ளுமாம். வயிற்றுத் தோல் வழியாக ஒரு ஒயர் வெளியே வந்து கன்ட்ரோலரிலும் பேட்டரியிலும் சேரும்.

எங்கள் ஊரில் கரண்ட் அடிக்கடி போகும். இன்வெர்ட்டர் போதுமா, பேட்டரியை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? வெயில் காலத்தில் வேர்த்து, ஒயர் வெளியே வரும் இடத்தில் கிருமித் தொற்று வராமல் டிரெஸ்ஸிங் எப்படிச் செய்கிறீர்கள்? கருவிக்குள் ரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள், ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையைச் சின்ன ஊரில் எப்படிப் பார்க்கிறீர்கள்?

அப்புறம் பணம். கருவிக்கே பல லட்சம் ஆகும். முதல்வர் காப்பீட்டில் கருவிக்கு உதவி பெற்றவர்கள் இருந்தால், என்னென்ன காகிதம் கேட்டார்கள் என்று சொல்லுங்கள். இப்போதைக்குப் பண உதவி கேட்கவில்லை, வழிதான் வேண்டும்.

கருவி வைக்காமலே காத்திருந்து இதயம் கிடைத்தவர்களும் எழுதுங்கள். அண்ணி இன்னும் முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறார். உங்கள் பதில்களை அவருக்குப் படித்துக் காட்டுவேன்.