குழந்தைகள் செய்த அனிமேஷனுக்கு எப்படி மதிப்பெண் போடுவது?

கேள்வி:
ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். தண்ணீர் கொதிக்கும்போது துகள்களுக்கு என்ன ஆகிறது என்பதைக் களிமண் உருண்டைகளை நகர்த்தி, போனில் ஒவ்வொரு படமாக எடுத்து, அவற்றை வரிசையாக ஓட்டும் ஸ்டாப் மோஷனாகச் செய்யச் சொன்னேன். ஒரு குழுவின் வீடியோ கண்ணைப் பறிக்கிறது, இசைகூட உண்டு. ஆனால் சூடு ஏற ஏற உருண்டைகளே பெருத்துக்கொண்டு போகின்றன. இன்னொரு குழுவின் வீடியோ ஆடுகிறது, நடுவில் விரல் தெரிகிறது. அதில் உருண்டைகள் அதே அளவில் இருந்தபடி விலகிப் போகின்றன. யாருக்கு அதிகம் போடுவது?

பதில் 1:
இரண்டாவது குழுவுக்குத்தான். சூடு ஏறும்போது துகள்கள் பெருப்பதில்லை, விலகித்தான் போகின்றன. பரீட்சையில் 'துகள்கள் விலகிச் செல்கின்றன' என்று எழுதினால் முழு மதிப்பெண். அது மனப்பாடமா புரிதலா என்று தெரியாது. அனிமேஷனில் அப்படி நழுவ முடியாது. உருண்டை எவ்வளவு பெரிது, எத்தனை, எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஒவ்வொரு பிரேமிலும், அதாவது ஒவ்வொரு படத்திலும், பிள்ளைகள் முடிவெடுத்தே ஆக வேண்டும். நான் பார்ப்பது அந்த முடிவுகளைத்தான். முக்கியமாக, குமிழிக்குள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். காற்று என்று நினைக்கும் பிள்ளைகள் நிறைய. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தனித்தனியாகப் பிரிவதாகக் காட்டுவோரும் உண்டு. உள்ளே இருப்பது நீராவி, அதாவது அதே நீர் மூலக்கூறுகள். பாடம் நடத்தும்போது எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள், இந்தக் குழப்பம் வெளியே வந்திருக்காது.

பதில் 2:
களிமண் தீர்ந்துபோய் உருண்டை குறைந்திருந்தால்? அதையும் தவறு என்று எடுத்துக்கொள்வதா?

பதில் 1:
நல்ல கேள்வி. அதனால்தான் வீடியோவை மட்டும் வைத்து மதிப்பெண் போட மாட்டேன். நடுவில் நிறுத்தி, "இந்த உருண்டை எங்கே போனது?" என்று குழுவில் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்பேன். ஒருவரே எல்லாம் செய்திருந்தால் அதுவும் அப்போது தெரிந்துவிடும். ஆஸ்திரேலியாவின் வொலங்காங் பல்கலைக்கழகத்தில் கேரி ஹோபன் உருவாக்கிய 'ஸ்லோமேஷன்' என்ற மெதுவான அனிமேஷன் முறையில் நொடிக்கு 2 பிரேம்தான். அந்த வேகத்தில் ஓடினால் பிள்ளைகள் கூடவே பேசி விளக்க முடியும். படங்களும் குறைவாகப் போதும்.

கேள்வி கேட்டவர்:
சரி, முதல் குழுவிடம் உருண்டை ஏன் பெருத்தது என்று நாளை கேட்கிறேன். திருத்தி மறுபடி எடுக்க விடலாமா?

பதில் 1:
கட்டாயம் விடுங்கள். பழைய வீடியோவை அழிக்காமல் வையுங்கள். இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டி, எதை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். நான் அதற்குத் தனி மதிப்பெண் வைத்திருக்கிறேன்.