புதுப்பிப்பு: கறுப்பு காரில் வட்டக் கீறலும் உப்புத் திட்டும், எது பலித்தது

பிரஷ் சுழலும் ஆட்டோமேட்டிக் வாஷில் விட்டால் வட்டக் கீறல், வீட்டில் போர் தண்ணீரில் கழுவினால் வெள்ளைத் திட்டு, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

திட்டுக்கு வினிகர் யோசனைதான் பலித்தது. வெள்ளை வினிகரும் ஆர்ஓ தண்ணீரும் சரிபாதி. வண்டி நிழலில் நிற்க வேண்டும், பானெட் ஆறியிருக்க வேண்டும். நனைத்த மைக்ரோஃபைபர் துணியைத் திட்டின் மேல் ஒரு நிமிடம் போட்டு, காயவிடாமல் அலசினால் சுண்ணாம்புப் படிவு கரைந்துவிடுகிறது. அதன் பிறகும் வளையமாகத் தெரிந்தால், பெயிண்டுக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான ‘கிளியர் கோட்’டையே திட்டு அரித்துவிட்டது என்று அர்த்தம்; அதற்கு பாலிஷ்தான்.

எதிர்பாராதது: வினிகர் வேக்ஸையும் எடுத்துவிட்டது. தண்ணீர் முத்தாக உருளாமல் பரவி நின்றது. மறுபடி வேக்ஸ் போட்டாக வேண்டும்.

கீறலுக்கு இரண்டு வாளி முறை. மேலூர் ரோட்டுக் கிரானைட் தூசியில் உள்ள குவார்ட்ஸ் கிளியர் கோட்டைவிடக் கடினம். ஆட்டோமேட்டிக் வாஷ் பிரஷில் முந்தைய வண்டியின் மண்ணும் ஒட்டியிருக்கும். ஆகவே கை வைக்கும் முன் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்கிவிட வேண்டும். ஒரு வாளியில் ஷாம்பு, இன்னொன்றில் வண்டியைத் தேய்க்கும் கையுறையை அலச வெறும் தண்ணீர். கூரையில் தொடங்கிக் கீழே வரவும்; சக்கரத்துக்குத் தனித் துணி. புதுக் கீறல் விழவில்லை. பழையது கழுவினால் போகாது, மெஷின் பாலிஷ் வேண்டும்.

ஆர்ஓ கழிவு நீரில் கழுவலாம் என்ற யோசனையைத் தயவுசெய்து தவிர்க்கவும். அதில் போர் தண்ணீரைவிட உப்பு அதிகம்.