விலங்குக் காப்பகத்தில் தத்துக்குக் காத்திருக்கும் நாய், பூனைகளைப் படம் எடுக்கப் போனபோது இன்னும் உறுத்துகிற ஒன்று, சொல்லுங்க

நாலுகால்:
அந்தக் கறுப்பு நாய்தான். முற்றத்து வெயில், பின்னாடி வெள்ளைச் சுவர். சுவர் பளிச்சுனு விழுந்திருக்கு. நாய் நின்ன இடத்துல ஒரு கரிய ஓட்டையும் சிவப்பு நாக்கும் மட்டும். அந்தப் படத்தைப் பார்த்துத் தத்தெடுக்க யாருமே விசாரிக்கலை. அதே நாயை வாசலுக்கு உள்பக்கம், வெயில் முடியற கோட்டிலிருந்து ஒரு அடி தள்ளி, முகம் வெளியே பார்க்கிற மாதிரி உட்கார வச்சதும் பழுப்புக் கண் ரெண்டும் தெரிஞ்சுது, உள்ளே ஒரு வெளிச்சப் புள்ளியோட. வெள்ளைச் சுவர் ஃப்ரேமை நிறைச்சா கேமரா வெளிச்சத்தைக் குறைச்சிடும், எக்ஸ்போஷரை (படத்தோட வெளிச்ச அளவை) +1 ஏத்தணும். கறுப்பு ரோமமே நிறைச்சா நேர்மாறு, சாம்பலா வெளுக்கும், கொஞ்சம் இறக்கணும். ஃபிளாஷ் நேரா அடிச்சா கண் பச்சையா எரியும், அது வேண்டவே வேண்டாம்.

ஜன்னலோரம்:
எனக்கு உறுத்தறது கீச்சு பொம்மை. முதல் தடவை அமுக்கினதும் காது ரெண்டும் நிமிர்ந்து, தலை சாய்ஞ்சுது. ஆனா விரல் ஷட்டர்ல இல்லை! மூணாவது தடவை நாய் உதட்டை நக்கிட்டு முகத்தைத் திருப்பிடுச்சு. ஃபோகஸ் கண்ணுல பூட்டி, தொடர் படத்துக்கு மாத்தி வச்ச பிறகுதான் சத்தம் வரணும். ஃபோன்காரங்க போர்ட்ரெய்ட் மோடை அணைச்சிடுங்க, மீசையையும் காது நுனியையும் தின்னுடும். அகல லென்ஸோட கிட்டப் போகாதீங்க, மூக்கு பெரிசாகி சாதுவான நாய்கூட முரடாத் தெரியும். ரெண்டடி பின்னால தள்ளி 2 மடங்கு ஜூம், கேமரா நாயோட கண் உயரத்துல.

வால்நட்சத்திரம்:
நாலுகால் சொல்றது நாய்க்குச் சரி. எல்லாத்தையும் வெளிச்சத்துக்குத் தூக்கிட்டு வரணும்னு புதுசா வர்றவங்க எடுத்துக்கக் கூடாது. கூண்டோட பின்சுவர்ல ஒட்டிக்கிட்டு, கண்மணி முழுக்க விரிஞ்சு உட்கார்ந்திருந்த சாம்பல் பூனையை வெளியே இழுத்தாங்க. எல்லாப் படத்துலயும் காது தட்டையா மடிஞ்சு கிடக்கு. கூண்டுல பாதியைத் துண்டால மூடி, நேரா பார்க்காம பக்கவாட்டுல உட்கார்ந்து விட்டிருந்தா, மெதுவா கண் சிமிட்ட ஆரம்பிச்சிருக்கும். கம்பி பிரச்சினையே இல்லை. ஃபோன் லென்ஸ் இடைவெளியிலேயே நுழையும். பெரிய கேமரான்னா லென்ஸைக் கம்பியோட ஒட்டி, லென்ஸ் திறப்பை அகலமா எஃப் 2.8 வச்சா கம்பி மங்கிக் கரைஞ்சிடும்.

நாலுகால்:
பூனைக்கு ஒத்துக்கறேன். ஆனா எஃப் 2.8 நாய்க்குக் கிட்டத்துல வேண்டாம். நீள மூஞ்சி, மூக்கு கூர்மையா விழும், கண் மங்கிடும். எஃப் 4, ஷட்டர் வேகம் 1/500 நொடி, அதுக்கு ஐஎஸ்ஓ (கேமராவோட ஒளி உணர்திறன்) எவ்வளவு ஏறினாலும் பரவாயில்லை.

ஈரமூக்கு:
படத்தைப் பத்தியே பேசறீங்க. நாய்க்குட்டிகள் இருக்கிற ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கேமரா வார் தரையில இழுபட்டுப் போனதைப் பார்த்தேன், அதுதான் மறக்க முடியலை. கை சானிடைசர், குட்டிகளுக்கு வாந்தி, ரத்தப்பேதி கொடுக்கிற பார்வோ வைரஸை ஒண்ணும் செய்யாது. ஒவ்வொரு அறைக்கும் நடுவுல சோப்புப் போட்டுக் கை கழுவணும். தரை விரிப்பு, பொம்மை எல்லாத்தையும் முதல்ல அழுக்கு போகக் கழுவிட்டு, 1 பங்கு திரவ பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணி கலந்து, 10 நிமிஷம் ஈரம் காயாம வைக்கணும். அழுக்கு மேலயே ஊத்தினா பிளீச் வீண். கலவையை அன்னன்னிக்குப் புதுசா கலக்குங்க. வரிசை முக்கியம்: தடுப்பூசி முடியாத குட்டிகள் முதல்ல, பெரிய நாய்கள் அப்புறம், இருமல் இருக்கிறது கடைசி. வாந்தி, ரத்தப்பேதி அறைப் பக்கமே போக வேண்டாம், அந்தப் படத்தை உள்ளே வேலை பார்க்கிறவங்களே ஃபோன்ல எடுக்கட்டும். துணி பொம்மை கொண்டு வராதீங்க, கழுவ முடியற ரப்பர் போதும். தீனி கொடுக்கிறதுக்கு முன்னாடி கூண்டுல இருக்கிற அட்டையைப் படிங்க, ஒவ்வாமை, வயிற்றுக் கோளாறு எழுதியிருக்கும். வாரைக் கழுத்துல சுருக்கி மாட்டுங்க, குனியும்போது தரையைத் தொடாத அளவுக்கு.